பழைய வண்டிக்கு சீல்டு பேட்டரி மாட்டப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

ஏழு மாதத்தில் ஒரே பைக்குக்கு இரண்டு சீல்டு பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரி, வாங்கினேன். இரண்டும் வீங்கிச் செத்துப் போயின. 5,400 ரூபாய் போச்சு. இரண்டையும் விற்றது ஒரே கடைதான். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அங்கே நடந்தது பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் நடக்கலாம்.

வண்டி அப்பாவுடையது. 2007 மாடல் தண்டர்பேர்டு 350. அப்பா இருந்தவரை அதில் சாதாரண ஆசிட் பேட்டரிதான், 12 வோல்ட் 14 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு). மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை வெளியே எடுத்து, ஆறு மூடியையும் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். கடைசி இரண்டு வருடம் மாதம் ஒருமுறை ஊற்றியது போதவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் குறைந்தது. இண்டிகேட்டர் பல்பும் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோருமே விட்டுவிட்டோம்.

அப்பா போனபிறகு வண்டி என் கைக்கு வந்தது. வேலைக்காக வாரத்தில் மூன்று நாள் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய் வருகிறேன். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க எனக்கு நேரமில்லை என்று பேட்டரிக் கடையில் சொன்னேன்.

"சீல்டு போட்டுடலாம் சார். இனிமே தண்ணி ஊத்துற வேலையே இல்ல. மாட்டிட்டு மறந்துடுங்க."

2,800 ரூபாய். பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். வண்டியில் வோல்ட்டேஜ் பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பழைய பேட்டரி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வாரண்டி கார்டில் சீல் மட்டும் குத்தியிருந்தது. சீரியல் நம்பர், தேதி இரண்டும் காலி. அதை நான் அப்போது பார்க்கவில்லை.

நான்காவது மாதம் ஒரு காலையில் செல்ஃப் அமுக்கினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பேட்டரியின் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அழுகிய முட்டை வாடை வேறு. கடைக்குக் கொண்டு போனேன். கையில் வாங்கிப் பார்த்த உடனே சொன்னார்:

"ஓவர் சார்ஜ் ஆயிருக்கு சார். இது உங்க வண்டியோட ப்ராப்ளம். வாரண்டி வராது."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"புதுசு போட்டுக்குங்க. உங்களுக்காக 200 குறைச்சுக்கறேன்."

என் புகாரே இந்த இடத்தில்தான். ஓவர் சார்ஜுக்கு வாரண்டி இல்லை என்பது பொதுவாக எல்லா கம்பெனியும் போடுகிற நிபந்தனை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓவர் சார்ஜ் என்று அவர் வாயாலேயே சொல்கிறார், சொல்லிவிட்டு அதே வண்டியில், எதையும் சரிபார்க்காமல், இன்னொரு புதுப் பேட்டரியை மாட்டி 2,600 ரூபாய் வாங்குகிறார். அதுவும் வேகும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றே மாதம். செங்கிப்பட்டி தாண்டி வரும்போது, இருட்டிய பிறகு, ஹெட்லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்து அணைந்தது. பின்னால் லாரி. ஓரம் கட்டி, செல்போன் வெளிச்சத்தில் ஒரு டீக்கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அன்று இரவு இருந்த பயம் 5,400 ரூபாயை விடப் பெரியது.

மறுநாள் டீக்கடைக்காரர் சொல்லி ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் என் பேட்டரியைக் கையாலும் தொடவில்லை. தன்னிடம் இருந்த நல்ல பேட்டரி ஒன்றை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தார். ஐடிலில் 14.2 வோல்ட். ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக 15, 15.6, 16.3 என்று ஏறிக்கொண்டே போனது. உடனே வண்டியை அணைத்தார்.

"தம்பி, எந்தப் பேட்டரி போட்டாலும் இது வேகவெச்சுடும். ஆர்.ஆர். யூனிட் போயிருக்கு."

இஞ்சினிலிருந்து வரும் கரண்டை டி.சி. ஆக்கி, வோல்ட்டேஜை ஓர் அளவோடு நிறுத்துகிற பெட்டிதான் ஆர்.ஆர். யூனிட். புதுசு மாற்றியதும் எவ்வளவு முறுக்கினாலும் 14.3-ஐத் தாண்டவில்லை. அவர் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆசிட் பேட்டரியில் அதிக சார்ஜ் ஏறினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சரியாகிவிடும். சீல்டு பேட்டரியில் ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கிறது. சரியான சார்ஜில் வாயு உள்ளேயே திரும்பத் தண்ணீராகிவிடும். அளவு மீறினால் வால்வு திறந்து வெளியே போய்விடும். போனதைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை. பஞ்சு காயும், சூடேறும், பெட்டி உப்பும். அப்பா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றிய தண்ணீர்தான் அந்தக் கோளாறை அத்தனை நாள் தாங்கிப் பிடித்திருக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குறைவதும் பல்பு அடிக்கடி போவதும் இந்த நோயின் அறிகுறி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதனால் உங்கள் பழைய வண்டிக்கு சீல்டு மாட்டும் முன் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 13.5-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தொட்டால் பேட்டரி வாங்காதீர்கள், முதலில் ஆர்.ஆர். யூனிட்டைப் பாருங்கள். 13-க்குக் கீழேயே நின்றாலும் சிக்கல்தான், இஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் காயிலோ, வயரிங்கோ, ஆர்.ஆர். யூனிட்டோ, எங்கே கோளாறு என்று பார்க்க வேண்டும். மீட்டர் இல்லை என்று சொல்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

14 ஏ.ஹெச். கேட்கும் வண்டிக்கு 9 ஏ.ஹெச். கொடுத்து, இடைவெளியில் தெர்மாகோல் அடைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. செல்ஃப் வண்டிக்கு அது போதாது. யு.பி.எஸ். பேட்டரி விலை குறைவு என்று அதை மாட்டச் சொன்னாலும் கேட்காதீர்கள். மெதுவாகக் கரண்ட் கொடுக்கச் செய்தது அது, செல்ஃப் மோட்டார் ஒரே இழுப்பில் கேட்கும் கரண்டுக்கு ஆகாது. ப்ளஸ் எந்தப் பக்கம் என்பதையும் பழைய பேட்டரியோடு வைத்துப் பாருங்கள், வயர் எட்டாமல் இழுத்து மாட்டுவார்கள். தயாரிப்புத் தேதியைக் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்த பேட்டரி வாங்கும்போதே பாதி உயிர்தான். பில்லும், சீரியல் நம்பரும் தேதியும் எழுதிய வாரண்டி கார்டும் கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்.

வண்டி ஓடாமல் கிடக்கும் நாட்களில் பேட்டரி தானாக இறங்கும். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் 12.8 வோல்ட் இருந்தால் நலம். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும், அதுவும் மெதுவாக. ஏ.ஹெச். அளவில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு, 14 ஏ.ஹெச்.க்கு 1.4 ஆம்பியர். கார் சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள். ப்ளஸில் வைத்த ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

மூன்றாவது பேட்டரி மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை பார்க்கிறேன். போன ஞாயிறு பார்த்தபோது 12.8, ஓட்டத்தில் 14.3.

அந்தக் கடைக்குத் திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன். "பேட்டரி விக்கிறதுதான் சார் எங்க வேலை, வண்டி பாக்கறது மெக்கானிக் வேலை" என்றார். இரண்டாவது பேட்டரிக்கு மட்டும் பில் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். செத்த பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கொஞ்சம் காசு வரும் என்றார்கள். கொடுக்கவில்லை. உப்பிய அந்தப் பேட்டரி புகாருக்குச் சாட்சியாக வீட்டிலேயே இருக்கிறது.