தகடு சொல்வதும் வார்ப்பு சொல்வதும்: பழைய டிராக்டரின் வயது பார்க்கும் முறைகள், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்னைப் பக்கம் பழைய டிராக்டர் என்று விலைக்கு வருவதில் சிவப்பு நிற மாஸி ஃபெர்குசன் 35-கள்தான் அதிகம் கண்ணில் படும். செங்குன்றம், பொன்னேரி, திருவள்ளூர் என்று எங்கே பார்த்தாலும் புரோக்கர் சொல்வது ஒன்றே: "இங்கிலாந்து வண்டி சார், ஒரிஜினல்." அது இங்கிலாந்தில் செய்ததா, சென்னை செம்பியத்தில் செய்ததா, இரண்டும் கலந்ததா என்று பார்க்கப் பல வழிகள் இருக்கின்றன. பட்டறையில் நெடுநாள் பயன்படுத்திப் பார்த்ததில் எவை கைகொடுத்தன, எவை காலை வாரின என்பது மட்டும் இங்கே.

நம்பும் வரிசைக்கு ஒரே விதிதான். கழற்றி மாற்ற எது கடினமோ, அதன் சாட்சிக்கு மதிப்பு அதிகம். பின் ஹவுசிங், கியர்பாக்ஸ் ஹவுசிங் என்ற வார்ப்பிரும்புக் கூடுகள் முதலில். அடுத்து என்ஜின் பிளாக். பிறகு எண் தகடு. அதற்கும் கீழே பானெட், மட்கார்டு. கடைசியில் ஸ்டார்ட்டர், டைனமோ, மீட்டர். புதிதாகப் பார்க்க வருபவர்கள் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். பானெட்டில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடுகிறார்கள். பானெட் என்பது நாலு போல்ட் சமாச்சாரம்.

எண் தகடு

ஃபெர்குசன் டிஇ-20, அதன் பின் வந்த 35 இரண்டிலும் எண் தகடு டாஷ் பேனல் பகுதியில் இருக்கும். டிஇ-20 இங்கிலாந்தின் கவெண்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. வரிசை எண் 1-இல் தொடங்கி 5,17,651-இல் முடிகிறது. அதற்கு மேல் எண் காட்டும் 'டிஇ-20' தகடு எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளும் உதவும்: டிஇஏ என்றால் பெட்ரோல், டிஇடி என்றால் மண்ணெண்ணெய் வகை எரிபொருள், டிஇஎஃப் என்றால் டீசல்.

35-இல் இந்த எழுத்துகள் இன்னும் பயனுள்ளவை. எஸ்.டி.எம். என்று தொடங்கினால் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் 4 சிலிண்டர் 23சி டீசல். எஸ்.என்.எம். என்று தொடங்கினால் 3 சிலிண்டர் பெர்கின்ஸ். பெர்கின்ஸ் என்ஜின் 35-க்கு வந்தது 1959-இன் பிற்பகுதியில். எனவே பானெட்டைத் திறந்ததும் இன்ஜெக்டரை எண்ணுங்கள். தகட்டில் எஸ்.டி.எம்., தலையில் மூன்று இன்ஜெக்டர் என்றால், ஒன்று என்ஜின் மாறியிருக்கிறது, அல்லது தகடு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கிறது. 23சி குளிர்ந்த நேரத்தில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது என்பதால் பெர்கின்ஸுக்கு மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு. அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். விலையில் மட்டும் கணக்கில் வையுங்கள்.

தகட்டைப் படிப்பதற்கு முன் அதன் ரிவெட்டைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்தது தலை உருண்ட, நடுவில் ஓட்டை இல்லாத ஆணி. நடுவில் குழியோடு பாப் ரிவெட் இருந்தால் தகடு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. பேனலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கக் கழற்றியிருக்கலாம். இருந்தாலும் அந்தத் தகட்டை இனிமேல் தனிச் சாட்சியாக எடுக்கக் கூடாது. பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டி என்றால் உப்புக் காற்றில் அலுமினியத் தகடு பொரிந்து பாதி எழுத்து போயிருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மிச்சமும் போகும். வெள்ளைத்தாளை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு சேஸ் நம்பர் பிரிண்ட் எடுக்கும் அதே வழிதான், கண்ணுக்குத் தெரியாததும் அதில் விழும்.

இந்தியத் தகடுகளில் ஊர்ப்பெயரும் முகவரியும் எண்ணைவிடப் பேசும். செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் வண்டிகளைச் செய்த டாஃபே 1960-இல் தொடங்கிய கம்பெனி. எனவே அதன் பெயர் உள்ள எதுவும் அதற்கு முந்தையது அல்ல. 'மெட்ராஸ்' என்று அச்சிட்டிருந்தால் 1996-க்கு முன்; அந்த ஆண்டுதான் ஊர்ப்பெயர் சென்னை ஆனது. முகவரி இருந்து, அது 'மெட்ராஸ்-11' என்று முடிந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தைய தகடு. ஆறு இலக்க அஞ்சல் எண் வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில். ஆனால் பழைய தகடுகளின் கையிருப்பு தீரும்வரை பயன்படுத்தியிருப்பார்கள், ஓரிரு ஆண்டு தள்ளியே கணக்கிடுங்கள். பி-275 என்ற இன்னொரு பழைய டிராக்டரில் 'இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா' என்று இருந்தால் அது மஹிந்திராவோடு இணைந்த 1977-க்கு முந்தையது.

என்ஜின் எண்

பெர்கின்ஸ் 3.152 குடும்பத்தில் எண் பிளாக்கின் பக்கவாட்டில், டீசல் பம்புக்கு அருகே உள்ள தட்டையான இடத்தில் அடிக்கப்பட்டிருக்கும். ஆயில் பிசுக்கும் மூன்று கோட் பெயிண்டும் அதை மூடியிருக்கும். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் கொண்டு பிசுக்கை எடுத்த பிறகு பெயிண்ட் ரிமூவரைத் தடவி, அது பொங்கி வரும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் பட்டையால் வழித்தால் போதும். கிரைண்டரில் கம்பி வீல் மாட்டிச் சுத்தம் செய்வது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆழமில்லாத எண் அதோடு சரி. துரு எடுக்கும் ஆசிடும் வேண்டாம், எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். சுத்தம் செய்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து, மொபைல் டார்ச்சை நேராக அல்லாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எண் நிழலோடு எழும்பும். எங்கள் கைக்கருவிகளில் மிகவும் உழைத்தது இந்த சாக்பீஸ்தான்.

இங்கிலாந்தில் செய்த பழைய என்ஜின்களில் '152 யு.ஏ.' என்று தொடங்கும் எண்களைப் பார்க்கலாம். 1974-இலிருந்து பெர்கின்ஸ் முறையை மாற்றியது. சி.இ. என்று தொடங்கும், நடுவில் நாட்டு எழுத்து வரும், யு என்றால் பிரிட்டன். கடைசி எழுத்து ஆண்டு. ஏ என்றால் 1974, பி 1975, சி 1976, இப்படியே போகும். இது மிகத் தெளிவான முறை, தயங்காமல் நம்பலாம். ஆனால் அது என்ஜினின் வயது, வண்டியின் வயது அல்ல. 1960-களின் உடம்பில் 1970-களின் என்ஜின் உட்கார்ந்திருப்பது அன்றாடக் காட்சி.

செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் வடிவமைப்பில் என்ஜின் செய்தது. ராக்கர் கவரில் என்ன பெயர் இருக்கிறது என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். அந்த மூடி ஐந்து நிமிடத்தில் மாறும். பிளாக்கில் வார்த்த எழுத்தும் அடித்த எண்ணும்தான் பேச வேண்டும்.

எண்ணைத் திருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சுற்றியிருக்கும் வார்ப்பு கரடுமுரடாக இருக்க, எண் இருக்கும் இடத்தில் மட்டும் சாய்ந்த கிரைண்டர் கோடுகள் ஓடினாலோ, ஒரே இலக்கம் இரண்டு இடத்தில் இரண்டு உருவத்தில் இருந்தாலோ பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

வார்ப்பு எண்கள்

ஹவுசிங்கில் புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் பாகத்தின் எண், தேதி அல்ல. இதை ஆண்டு என்று படித்து ஏமாறுபவர்கள் அதிகம். ஃபோர்டு வண்டிகளில் இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். 'சி5என்என்' என்று தொடங்கும் வார்ப்பில் சி என்பது 1960-கள், 5 என்பது 1965. ஆனால் அது அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டு. அதே எண்ணோடு 1970-களிலும் வார்த்தார்கள். உண்மையான தயாரிப்புத் தேதி ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் தட்டையான இடத்தில் அடித்த சிறிய குறியீடு: முதலில் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள். மாத எழுத்துகளில் 'ஐ' கிடையாது, எனவே டிசம்பர் 'எம்'. இதிலும் ஒரு பொறி உண்டு. 5 என்றால் 1965-ஆ 1975-ஆ? எஸ்கார்ட்ஸ் ஃபரிதாபாத்தில் ஃபோர்டு 3000 செய்யத் தொடங்கியது 1971-இல். ஆக இந்தியத் தகடுள்ள வண்டியில் 5 என்பது 1965 ஆக முடியாது. தகடும் குறியீடும் சேர்ந்தால்தான் பதில்.

இந்தியத் தயாரிப்பின் தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி, படிப்படியாக உள்ளூர்ப் பாகங்களுக்கு மாறினார்கள். அதனால் மெட்ராஸ் தகட்டுக்குக் கீழே இங்கிலாந்து வார்ப்பு இருந்தால் அது மோசடி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

போல்ட்டும் மரையும்

ஃபெர்குசன், மாஸி, ஃபோர்டு, பி-275 எல்லாம் அங்குல மரை. ஸீட்டர், ஐஷர் மெட்ரிக். 9/16 அங்குல போல்ட் தலை 14.3 மி.மீ.; 14 ஸ்பேனர் நுழையாது, 15 ஆடும். 3/4 அங்குலம் 19.05 மி.மீ., 19 ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். எனவே 3/4 தலையை வைத்துச் சோதிக்காதீர்கள், அது இரண்டு பக்கமும் ஆமாம் சாமி போடும். ஹவுசிங்கில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை உள்ள ஓட்டையில் மெட்ரிக் எம்10 போல்ட்டைத் திணித்து மரை போன வண்டிகள் ஏராளம். 1.59 மி.மீ. இடைவெளியில் 1.5 இடைவெளி உள்ளது முதல் சில சுற்று போகும், பிறகு கிழிக்கும். நினைவில் வையுங்கள்: மரை வடிவமைத்த நாட்டைச் சொல்லும், செய்த நாட்டைச் சொல்லாது. கவெண்ட்ரி 35-உம் அதன் இந்திய வடிவமான செம்பியம் 1035-உம் இதில் ஒன்றுதான்.

பெயிண்ட், மின் பாகங்கள்

பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தை 400 நம்பர் எமரி ஷீட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். டிஇ-20 முழுச் சாம்பல். 1956-இன் எஃப்இ-35 சாம்பல் தகரம், செம்புப் பொன் நிற என்ஜின். 1957-இன் கடைசியிலிருந்து சிவப்புத் தகரம். சிவப்புக்குக் கீழே தகரத்தில் சாம்பல் வந்தால் ஆர்வத்தோடு மேலே பாருங்கள். மற்றபடி 1035 பல பத்தாண்டு செய்யப்பட்ட வண்டி. உருவத்தை வைத்து அதன் ஆண்டைச் சொல்ல முடியாது.

லூகாஸ் ஸ்டார்ட்டரில் மாதமோ வாரமோ ஆண்டோடு அடித்திருக்கும். அது ஸ்டார்ட்டரின் பிறந்தநாள். பாடியில் செய்த லூகாஸ் டிவிஎஸ் பாகம் இருப்பதாலும் வண்டி உள்நாட்டுத் தயாரிப்பு ஆகிவிடாது.

ஆர்.சி. புக்

எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண்கள் மெட்ராஸ் கால நினைவைத் தரும். டி.என். 01 போன்ற இன்றைய வரிசை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்த பிறகு வந்தது. ஆனால் புக்கில் உள்ள பதிவுத் தேதி வண்டி பிறந்த தேதி அல்ல. ஏலத்தில் எடுத்து, வேறு மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவானவை உண்டு. 'விண்டேஜ்' என்று சொல்லி விலை ஏற்றுபவர்களிடம் ஒன்று கேளுங்கள். 2021-இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு விதிகள் 50 வயது கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும் உரியவை. டிராக்டருக்கு அந்தத் தனி நம்பர் பிளேட் கிடையாது.

உதிரிபாகம் வாங்குவதற்குத்தான் இத்தனை பாடும். புதுப்பேட்டையில் போய் "35 பிஸ்டன்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். 23சி-யின் சிலிண்டர் விட்டம் 84.1 மி.மீ., பழைய பெர்கின்ஸ் பி3-க்கு 88.9, 3.152-க்கு 91.44. ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே வெர்னியரில் அளந்து, தகட்டு எண், பிளாக் எண் இரண்டின் பென்சில் பிரிண்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். லைனர் தேய்ந்த வண்டியில் மேல் விளிம்புக்கு அருகே, ரிங் தொடாத இடத்தில் அளந்தால்தான் அசல் அளவு கிடைக்கும்.