அஸ்பாரகஸ் என்று சொல்லித் தண்ணீர்விட்டான் நாற்றை விற்கிறார்கள்: மலைக்காரர்கள் கவனம்

கேரளத்து இடுக்கி மலையில் காந்தளூர், கீழாந்தூர், கோவிலூர் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள் அஸ்பாரகஸ் நாற்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றியவர் இந்த மாதமும் மறையூர்ச் சந்தையில் ஜீப்பை நிறுத்தி நாற்று காட்டியதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஆண்டு வைகாசிக்கு முன்பு அவர் என் தோட்டத்துக்கு வந்தார். அஸ்பாரகஸ் கீரைத்தண்டு போல முளைக்கும், முளையை வெட்டி விற்க வேண்டியதுதான், மூணாறு விடுதிகளில் எவ்வளவு கொண்டுபோனாலும் வாங்குவார்கள், ஒருமுறை நட்டால் 15 ஆண்டு காய்ப்பு என்றார். “அண்ணா, ஆறாவது மாதம் நீங்களே எனக்கு போன் செய்வீர்கள்” என்றார். ஸ்ட்ராபெரி இங்கே விலை போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். நம்பினேன்.

40 சென்ட். ஐந்தடிக்கு ஒரு வரிசை, ஒன்றரை அடிக்கு ஒரு செடி, மொத்தம் 2,300 நாற்று. ஒன்று 38 ரூபாய் வீதம் 87,400 ரூபாய் கொடுத்தேன். மண் புளிப்பாக இருந்தால் இந்தப் பயிருக்கு ஆகாது என்று படித்திருந்ததால் சுண்ணாம்பு போட்டேன். ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து மாட்டுச்சாணம் நிரப்பினேன். கூலி வேறு. இவற்றையெல்லாம்விட என் வயிறு எரிவது விதைப் பூண்டுக்காக. பரணில் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டு அது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் காந்தளூர் வட்டவடைப் பூண்டு. அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு போகத்திலும் எடுத்து வைத்த விதை. நிலம்தான் இல்லையே என்று அத்தனையையும் விற்றுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் செடி முழங்கால் உயரம் வந்தது. விரல் பருமனில் முளை வர வேண்டிய இடத்தில் கம்பி போல மெலிந்த தண்டு வந்து பக்கத்துக் குச்சியைச் சுற்றிக்கொண்டது. களை எடுத்த பெரியம்மா, சேலையில் மாட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே ஒரு செடியைத் தூரோடு பறித்தார். வேரில் இரண்டு முனையும் கூம்பிய வெள்ளைக் கிழங்குகள், கொத்தாகத் தொங்கின. ஒன்றை ஒடித்து நடுநாரை உருவி எடுத்து என் கையில் வைத்தார். “ஏப்பா, இது தண்ணீர்விட்டான் கிழங்கு. சின்னாறுக் காட்டில் தோண்டினால் கிடைப்பதற்கா காசு கொடுத்தாய்?” என்றார். மலையாளத்தில் சதாவரி என்று ஊறுகாய் போடுகிறார்களே, அதே கிழங்குதான்.

விற்றவரைக் கூப்பிட்டேன். “இதுவும் அஸ்பாரகஸ்தான் அண்ணா, தேடிப் பாருங்கள்” என்றார். அந்தச் சொல்லில்தான் வஞ்சகம் இருக்கிறது. தண்ணீர்விட்டானின் தாவரவியல் பெயர் அஸ்பாரகஸ் ரேசிமோசஸ். காய்கறியாக முளை வெட்டுவது அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ். பூச்செண்டில் வைக்கும் மெல்லிய இலைச்செடியும் இதே பேரினம்தான், அது அஸ்பாரகஸ் செட்டேசியஸ். குடும்பப் பெயர் ஒன்று, பிள்ளைகள் வேறு. என் ரசீதில் வெறுமனே ‘அஸ்பாரகஸ் நாற்று’ என்று எழுதியிருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, ஒன்றரை ஆண்டு கழித்துக் கிழங்கைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. கோவிலூரில் இன்னும் இரண்டு பேர் இதே கதையைச் சொல்கிறார்கள்.

நான்கு விரல் உயரத்தில் மூன்றும் பச்சை நூல் போலத்தான் இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே தட்டில் இருக்கும் நாற்றைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் வளர்த்த பெரிய செடியைக் காட்டச் சொல்லுங்கள். முளை வெட்டும் அஸ்பாரகஸில் முள் இருக்காது, கொடியாகச் சுற்றாது, நிமிர்ந்து நிற்கும். வேர் கிழங்காக உப்பாது, கயிறு போல ஒரே பருமனாகப் பக்கவாட்டில் ஓடும். ஆண் செடி தனி, பெண் செடி தனி, பெண் செடியில்தான் சிவப்புப் பழம் பிடிக்கும். தண்ணீர்விட்டானில் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் இருக்கும், பூ வெள்ளையாக இருக்கும், மணக்கும்.

ஆறு மாதத்தில் வருமானம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். குளிர் நாடுகளில் தூர் நட்ட முதலாண்டு வெட்டுவதே இல்லை, இரண்டாம் ஆண்டு கொஞ்சம், மூன்றாம் ஆண்டுதான் முழு அறுவடை. தாய்லாந்து, தைவான் போன்ற வெப்ப நாடுகளில் தூருக்குச் சில தண்டுகளைத் தாய்த்தண்டாக வெட்டாமல் வளரவிட்டுப் புது முளையை மட்டும் வெட்டுகிறார்கள். வெட்டிய முளை சூட்டில் சீக்கிரம் நார் பாய்ந்துவிடும், உடனே குளிரில் வைக்க வேண்டும். காந்தளூரிலிருந்து மூணாறுக்குச் சாக்கில் கட்டி அனுப்பும் சரக்கு அல்ல இது. இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரசீதில் தாவரவியல் பெயர், ரகத்தின் பெயர் இரண்டையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சோர்ந்து போக வேண்டாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றவர் தமிழ்நாட்டில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் ரசீது, பணம் அனுப்பிய பதிவு, முள்ளோடு எடுத்த படங்கள், பறித்த வேர் எல்லாம் சேர்த்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கோவிலூர்க்காரர்கள் இருவரும் உடன் வருகிறார்கள். வேறு யாருக்காவது இவர் நாற்று கொடுத்திருந்தால் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

என் நிலத்தில் ஒரு வரிசையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் உங்கள் நாற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். மீதி நிலத்தை உழுதாகிவிட்டது. விதைப் பூண்டு கீழாந்தூரில் மாமா வீட்டில் கடனாகக் கேட்டிருக்கிறேன்.