டெலி மானஸா, வீடியோ கவுன்சலிங்கா?

டிப்ரஷன், பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்)னு மருந்து எடுத்துக்கிட்டே குழந்தை வளர்க்கிறவங்க இந்த ரெண்டுல எதுன்னு குழம்புறாங்க.

செலவு: டெலி மானஸ்ங்கிறது மனநல உதவிக்கு போன்ல கூப்பிடுற ஹெல்ப்லைன் (நம்பர் 14416), ஃப்ரீ, 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது. பிரைவேட் வீடியோன்னா ஒவ்வொரு தடவையும் ஃபீஸ்.

நேரம்: 14416 24 மணிநேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், ராத்திரி மூணு மணிக்கு குழந்தை அழுகைய நிறுத்தாம நமக்கு கை நடுங்குதுன்னா குழந்தைய தொட்டில்ல பத்திரமா போட்டுட்டு உடனே கூப்பிடுங்க, தயங்கவே வேணாம். வீடியோவுக்கு அப்பாயின்ட்மென்ட் வேணும்.

தொடர்ச்சி: இங்கதான் வீடியோ எனக்குப் பெருசா தெரியுது. ஒரே ஆள் வாராவாரம் கேக்குறதால, பிள்ளைகிட்ட கத்திட்டோமேங்கிற குற்ற உணர்ச்சிய ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்ல வேண்டியதில்ல.

அவசரத்துக்கு 14416, மாசக்கணக்குல கூடவே ஒருத்தர் வேணும்னா வீடியோ. பால் குடுக்குறோம்னு மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.