கப்பல் சிவிதாவெக்கியாவில் நிற்கும் நாள்: ரோமா, கடற்கரையா?

சுற்றுலாக் கப்பலின் பயண அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருந்தாலும், கப்பல் நிற்பது சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சிவிதாவெக்கியா துறைமுகத்தில். நாகர்கோவிலில் இறங்கித் திருவனந்தபுரம் பார்க்கப் போகிற தூரம்.

ரோம் போவதானால், துறைமுக வாசலுக்குப் பஸ், அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு சுமார் ஒரு மணி நேரப் பயணம். ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினி வரை போகாமல், சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கினால் வாடிகன் நடை தூரம்தான். காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் அபராதம். வாடிகனின் புனித பேதுரு பேராலயத்தில் பத்மநாபசுவாமி கோயில் மாதிரி வேட்டி கேட்பதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். உள்ளே போகும் வரிசைதான் நேரத்தைத் தின்னும். கப்பல் புறப்படும் நேரத்தை நம்பாமல், ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சிவிதாவெக்கியா திரும்பும்படி ரயில் பிடியுங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமில்லை. கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சேராமல் தனியாகப் போனவருக்குக் கப்பல் காத்திராது.

சிவிதாவெக்கியாவிலேயே தங்கினால் 1508-ல் கட்டத் தொடங்கிய மைக்கலாஞ்சலோ கோட்டை, கடலோர நடைபாதை, ஜெலாட்டோ என்கிற இத்தாலிய ஐஸ்கிரீம். அவ்வளவே. ஆனால் தாத்தா பாட்டியோ தள்ளுவண்டிக் குழந்தையோ கூட இருந்தால் இதுதான் சரி. மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடலாம்.