மின்சாரச் சக்கர நாற்காலி உதிரிபாகம்: எந்தத் திட்டம் கைகொடுக்கிறது, எது கைவிரிக்கிறது

புது நாற்காலி வாங்க என்ன உதவி கிடைக்கும் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பேட்டரி படுத்துவிட்டால் செலவு யார் தலையில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. சிங்கப்பூரில் உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் உருப்படியாக உதவுவது உதவித் தொழில்நுட்ப நிதிதான், அதாவது ஏடிஎஃப். காப்பீட்டை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே.

இணையத்தில் தேடினால் இ2361, கே0739 என்று எண்கள் கொட்டும். அவை அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பில் குறியீடுகள்: முதலாவது 22என்எஃப் அளவுள்ள சீல்டு பேட்டரிக்கு, இரண்டாவது பழுதுபார்க்கும் கூலிக்கு, 15 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். இங்கே அவற்றை யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே பேசுவது கொட்டேஷனும் தெரபிஸ்ட்டின் அறிக்கையும்தான்.

காப்பீட்டை முதலில் முடித்துவிடலாம். அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் மருத்துவமனைக் கட்டணம், அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் போன்ற சில வெளிநோயாளி சிகிச்சைகள் ஆகியவற்றுக்கானது. அதன்மேல் கட்டப்பட்ட தனியார் ஷீல்டு திட்டங்களின் அடித்தளமும் மருத்துவமனை பில்தான். கட்டாய மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தும் நாற்காலி பேட்டரிக்குப் பணம் எடுக்க முடியாது. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடான கேர்ஷீல்டு லைஃப் மட்டும் வேறு ரகம்: மாதாமாதம் ரொக்கம் வரும், 2025இல் கோரத் தொடங்கியவர்களுக்கு 662 வெள்ளி. எதற்குச் செலவழித்தீர்கள் என்று ரசீது கேட்பதில்லை. பேட்டரியும் வாங்கலாம், பால்மாவும் வாங்கலாம். ஆனால் குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவருக்கே அது. கை பலமாக இருந்து கால் மட்டும் செயலிழந்தவருக்குப் பல வேளைகளில் இரண்டுதான் தேறும். மின்சார நாற்காலியில் வேலைக்குப் போய்வருபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விடுபட்டுப் போகிறார்கள்.

வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தை நம்பும் ஊழியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவச் செலவு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை, அல்லது உச்சவரம்பைத் தொடும் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். முதல் பேட்டரி சாகும் நேரத்தில் அந்த ஓராண்டு முடிந்திருக்கும்.

இனி ஏடிஎஃப். உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபல் நடத்துவது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. குடும்பத்தின் தலைக்குரிய வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை மானியம். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. புதிதாக வாங்க மட்டுமன்றி மாற்ற, மேம்படுத்த, பழுதுபார்க்கவும் இதைக் கேட்கலாம் என்பதே இதன் பெரிய பலம். 900 வெள்ளி பில்லுக்கு அந்த 90 விழுக்காடு முழுதாகக் கிடைத்தால் கைப்பணம் 90 வெள்ளி. மீதி 810 வெள்ளி அந்த 40,000இல் கழியும். இளம் வயதில் நாற்காலிக்கு வந்தவர் சின்னச் சின்ன பில்லையெல்லாம் இதில் போடாமல், கன்ட்ரோலர், மோட்டார் போன்ற பெரிய செலவுகளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பலவீனம், வேகம். விண்ணப்பம் தெரபிஸ்ட் அல்லது சமூக ஊழியர் வழியாகப் போக வேண்டும். மதிப்பீடு, வருமான விவரம், கொட்டேஷன் எல்லாம் சேர வேண்டும். பேட்டரி அதுவரை காத்திருக்காது. அவசரத்தில் கடையில் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதோடு போனால் வேலைக்காகாது. ஒப்புதல் முதலில், பொருள் பிறகு. மருத்துவமனைத் தொடர்பு விட்டுப்போனவர்கள் ரெட்ஹில் பக்கம் எனேபிளிங் வில்லேஜில் உள்ள உதவிச் சாதன மையமான டெக் ஏபிளில் விசாரித்துத் தொடங்கலாம்.

60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசியின் மூத்தோர் நடமாட்ட உதவி நிதி இருக்கிறது. அதுவும் 90 விழுக்காடு வரை. நாற்காலி வாங்குவதற்கு நல்ல திட்டம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு ஒரு வழியாகவே போங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் கொட்டேஷனில். ‘பேட்டரி மாற்றம், ஒரு செட்’ என்று ஒரே வரியும் ஒரு தொகையும் எழுதித் தரும் கடைகள் இருக்கின்றன. அந்தத் தாள் திரும்பி வரும். நாற்காலியின் பிராண்டு, மாடல், இருக்கைக்குக் கீழே சட்டத்தில் ஒட்டியிருக்கும் தொடர் எண் மூன்றும் மேலே இருக்க வேண்டும். கீழே ‘12 வோல்ட், 50 ஆம்பியர்-ஹவர், ஜெல், எண்ணிக்கை 2’ என்று பொருளைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். கூலி தனி, வீட்டுக்கு வந்து பார்க்கும் கட்டணம் தனி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா சேராததா, உத்தரவாதம் எத்தனை மாதம், விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் வேண்டும். 30 நாளில் காலாவதியாகும் கொட்டேஷன், ஒப்புதல் வருவதற்குள் செத்துப்போகும். 90 நாள் கேளுங்கள், பல கடைகள் மறுப்பதில்லை. பில் நாற்காலியைப் பயன்படுத்துபவரின் பெயரில் இருக்கட்டும். பணம் கட்டிய மகன் பெயரில் இருந்தால் வீண் கடிதப் போக்குவரத்து.

பேட்டரி ஏன் இரண்டு? 24 வோல்ட்டுக்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். சார்ஜர் கூட்டு வோல்ட்டேஜைத்தான் பார்க்கும். பழையதோடு புதியதைக் கோத்தால் இரண்டுக்கும் சரியாகச் சார்ஜ் ஏறாது, புதியதும் சீக்கிரம் போய்விடும். ஒன்று மட்டும் மாற்றினால் மிச்சம் என்று சொல்லும் கடையை விட்டு நகருங்கள்.

‘மோட்டார் போச்சு’ என்ற தீர்ப்பையும் அப்படியே ஏற்க வேண்டாம். விஆர்2 என்ற வகைக் கன்ட்ரோலர் (நாற்காலியை இயக்கும் மின்னணுப் பகுதி) உள்ள நாற்காலிகளில் ஜாய்ஸ்டிக் பலகையில் பத்துப் பட்டைகள் விளக்காக எரியும். கோளாறு வந்தால் எத்தனை பட்டை மின்னுகிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி இணைப்பு சரியில்லை. இரண்டு இடது மோட்டார், நான்கு வலது மோட்டார், இணைப்பு விட்டிருக்கிறது; பிளக் கழன்றிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ் மாற்றுவதும் மோட்டார் மாற்றுவதும் ஒரே செலவல்ல. ஆறு மின்னினால் பெரும்பாலும் சார்ஜர் இன்னும் செருகியிருக்கிறது. ஏழு ஜாய்ஸ்டிக், ஒன்பது பிரேக். ஜாய்ஸ்டிக் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் உள்ளே இறங்கி ஏழு மின்னுவது இந்த ஊர் மழைக்குச் சகஜம். அந்த உறையைக் காலத்தில் மாற்றியிருந்தால் ஜாய்ஸ்டிக் செலவே வந்திருக்காது. எண்ணிய பட்டையைச் சர்வீஸ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெரபிஸ்ட்டின் அறிக்கைக்கு அது நல்ல ஆதாரம்.

மடிக்கும் லித்தியம் நாற்காலிக்குப் ‘பெரிய பேட்டரி போடுங்கள், நாள் முழுக்க ஓடும்’ என்பார்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ பறப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். விமான விதிப்படி, கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி ஒன்றென்றால் 300 வாட்-ஹவர் வரை, இரண்டென்றால் ஒவ்வொன்றும் 160 வரை. 24 வோல்ட்டில் 10 ஆம்பியர்-ஹவர் என்பது 240, போகலாம். 20 ஆம்பியர்-ஹவர் என்பது 480, போகாது. 240இல் இரண்டு வைத்திருந்தாலும் சிக்கல்தான். மானியத்தில் வாங்கிய பேட்டரியைச் சாங்கியில் விட்டுவிட்டு ஏற முடியாது.

விமானத்தில் நாற்காலி உடைந்து வந்தால் அந்தச் செலவை ஏடிஎஃப் பக்கம் கொண்டுபோகும் முன் விமான நிறுவனத்தைக் கேளுங்கள். நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சேத அறிக்கை பதிவு செய்து நகல் வாங்க வேண்டும். எழுத்துப் புகாருக்கு நாற்காலி கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள் கெடு. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனத்தின் பொறுப்பு 1,519 எஸ்டிஆரோடு (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு) நின்றுவிடும். விலையுயர்ந்த நாற்காலிக்கு அது போதாது. செக்-இன் செய்யும்போதே சிறப்பு மதிப்பு அறிவித்தால் வரம்பு உயரும், கூடுதல் கட்டணம் கேட்கக்கூடும்.

எப்போது விண்ணப்பிப்பது? முழுச் சார்ஜில் ஓடும் தூரம் முன்பிருந்ததில் பாதியானதும். புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குப் போய்வருவதற்குள் விளக்கு சிவப்புக்கு இறங்கினால் அன்றே கொட்டேஷன் கேட்டுவிடுங்கள். ஒப்புதல் வரும்வரை ஒவ்வோர் இரவும் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். காலியான நிலையில் போட்டு வைத்தால் ஈய பேட்டரி இன்னும் வேகமாகக் கெடும்.