எழுத்து கையில், சொல் எங்கே? ஆங்கிலச் சொல் தேட எந்தக் கருவி?

குறுக்கெழுத்து, ஸ்கிராபிள், வேர்டில் என்று எதில் இறங்கினாலும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: இந்த எழுத்துகள் உள்ள ஆங்கிலச் சொல் என்னென்ன? கேட்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. எழுத்துகள் அதே வரிசையில் ஒட்டி வர வேண்டுமா? எங்காவது இருந்தால் போதுமா? இல்லை, அந்த எழுத்துகளை மட்டும் கலைத்து அடுக்க வேண்டுமா? ஒன்றில் கெட்டியான கருவி இன்னொன்றில் திணறும். அதனால் ஒன்லுக், கிரெப், ஸிஸிவா, ஏஐ அரட்டை ஆகிய நான்கையும் கேள்விவாரியாகவே பார்த்துவிடலாம்.

ஒட்டி வருவதற்கு இரண்டு யு அடுத்தடுத்து வரும் சொற்களை எடுத்துக்கொள்வோம். வேக்குவம், கன்டினுவம் இரண்டும் உடனே நினைவுக்கு வரும். அப்புறம் தலையைச் சொறிய வேண்டியதுதான். ஒன்லுக் தளத்தில் நட்சத்திரக் குறி, இரண்டு யு, மறுபடி ஒரு நட்சத்திரக் குறி என்று அடித்தால் வேலை முடிந்தது. நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம். கேள்விக்குறி போட்டால் சரியாக ஓர் எழுத்து. பண்டைய ரோமில் இருவர் சேர்ந்து வகித்த பதவியைக் குறிக்கும் டுவம்விர், ஹவாயின் தொளதொள உடையான மூமூ எல்லாம் வந்து விழும். மூமூவில் இந்த ஜோடி இரண்டு முறை வருகிறது என்பது கூடுதல் கொசுறு. சொல்லைத் தொட்டால் பொருளும் கிடைப்பதுதான் ஒன்லுக்கின் பெரிய வசதி. பல அகராதிகளைச் சேர்த்துத் தேடுவதால் ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் சொற்றொடர்களும் கலந்து வருவது அதன் தொல்லை. குறுக்கெழுத்துக்காரர்களுக்கு அது தொல்லையும் இல்லை. கட்டத்தில் ஊர்ப்பெயரும் வரலாம் அல்லவா?

எங்காவது இருந்தால் போதும் என்ற கேள்விக்கு என் ஓட்டு கிரெப்புக்கு. கென் தாம்சன் 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய சின்னக் கட்டளை இது. கேட்ட எழுத்து இருக்கும் வரியை மட்டும் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும் கோப்பைக் கொடுத்து, ஐந்து கிரெப்புகளை வரிசையாகக் கோத்து ஏ, இ, ஐ, ஓ, யு என்று ஒவ்வொன்றாக வடிகட்டினால் ஐந்து உயிரெழுத்தும் உள்ள சொற்கள் கிடைத்துவிடும். எஜுகேஷன் அதில் ஒன்று. ஏழே எழுத்தில் ஐந்தையும் அடக்கிய செக்கோயா மரம் இன்னொன்று. ஐந்தும் அகரவரிசைப்படியே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஃபசீஷியஸ், அப்ஸ்டீமியஸ் போல ஒரு சிலதான் தேறும். வேர்டிலில் 'இந்த எழுத்து உண்டு, ஆனால் இரண்டாம் இடத்தில் இல்லை' என்று வரும் மஞ்சள் கட்டத்துக்கும் இதே வடிகட்டல் போதும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு மட்டும் இது சரிப்படாது.

கலைத்து அடுக்குவதில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. லிசன் என்ற சொல்லின் ஆறு எழுத்துகள்: எல், ஐ, எஸ், டி, இ, என். ஆறும் வேறு வேறு என்பதால் கிரெப்பை ஆறு முறை கோத்து, நீளம் ஆறு என்று கட்டுப்படுத்தினாலே போதும். மேக் கணினியோடு வரும் சொற்பட்டியலில் இதைச் செய்தால் என்லிஸ்ட், லிசன், சைலன்ட், டின்சல் ஆகிய நான்கு வரும். இன்லெட்ஸ் எங்கே? அந்தப் பட்டியல் 1934-இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் சொற்கள் இருந்தும், அகராதியின் தலைச்சொற்கள் என்பதால் பன்மை வடிவங்கள் பெரும்பாலும் கிடையாது. இன்லெட் இருக்கும், இன்லெட்ஸ் இருக்காது. டிரான்சிஸ்டரையும் அதில் தேடாதீர்கள். அகராதி அச்சானபோது அந்தச் சாதனமே பிறக்கவில்லை. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, பின்னால் இருக்கும் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஸிஸிவா மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். ஒரு கூன்வண்டு இனத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட இந்த இலவச மென்பொருள் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களுக்காகவே எழுதப்பட்டது. அதே ஆறு எழுத்துகளைக் கொடுத்தால் இன்லெட்ஸ் மட்டுமல்ல, மின்னணு உளவைக் குறிக்கும் எலின்ட்ஸும் வரும். எழுத்துகளில் சிலவற்றை மட்டும் வைத்து அமையும் குட்டிச் சொற்களையும் தனியாகக் கேட்கலாம். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தாலும் குழம்பாது. கிரெப் வடிகட்டல் அங்கேதான் காலை வாரும். ஆட்டத்தின் 100 காய்களில் இ எழுத்துக்கு 12, க்யூவுக்கு ஒன்றே ஒன்று என்ற கணக்கை வைத்து, கையில் அதிகம் அமையக்கூடிய சொற்களை முதலில் காட்டும் வசதியும் உண்டு. போட்டிக்குப் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. இந்தியாவிலும் இலங்கையிலும் போட்டிகளில் காலின்ஸ் அகராதி நிறுவனத்தின் சொற்பட்டியல்தான் நடைமுறை. வட அமெரிக்கப் பட்டியல் வேறு. எதைத் திறந்திருக்கிறோம் என்று கவனித்துக்கொள்ள வேண்டும். வெறும் ஆர்வத்துக்குத் தேடுபவருக்கு ஸிஸிவா கொஞ்சம் வறட்சி. ஆள்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் இடமே இல்லை, விளக்கமும் ஒரு வரிக்கு மேல் போகாது.

ஜி, ஆர், ஒய் என்று முடியும் மூன்று சொற்கள் எவை என்று 1970களிலிருந்து சுற்றிவரும் பழைய விடுகதை ஒன்று உண்டு. ஆங்ரி, ஹங்ரி, மூன்றாவது என்ன? அன்றாட ஆங்கிலத்தில் அப்படி ஒன்று இல்லை. காலின்ஸைக் கேட்டால் மேற்கு ஆப்பிரிக்கப் பாசிமணியைக் குறிக்கும் ஆக்ரியும், தொப்பியில் சுற்றும் துணியான பக்ரியும் வரும். பக்ரி நம் ஊர்ப் பக்கத்து ஆள்தான், இந்தியில் தலைப்பாகை.

இதே கேள்வியை ஏஐ அரட்டையிடம் கேட்டால் தயங்காமல் பத்துச் சொல் தரும். அதில் அந்த எழுத்தே இல்லாத சொல்லும் இருக்கலாம். இத்தகைய மாதிரிகள் உரையை எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை, டோக்கன் எனப்படும் துண்டுகளாக வாசிக்கின்றன. ஸ்ட்ராபெர்ரியில் எத்தனை ஆர் என்பதில் தடுமாறிப் பெயரெடுத்ததும் இதனால்தான். புதிய மாதிரிகள் பரவாயில்லை என்றாலும், சொற்களை நேரடியாகக் கேட்பதை நான் தவிர்ப்பேன். அதற்குப் பதிலாக ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி ஒப்பிடும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதச் சொல்லலாம். பத்து வரிகூடத் தேவைப்படாது, இரட்டை எழுத்துகளுக்கும் அது சரியாக வேலை செய்யும்.