விஸ்டாவின் டாஸ்க்மேன், மெயில்மேன்: எட்டு வருஷ அனுபவம்

விஸ்டா மருத்துவமனை மென்பொருளை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கி எட்டு வருஷம் ஆகிறது. அமெரிக்கப் படைவீரர் நலத்துறை தனக்காக எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்ட அதே விஸ்டாதான். நாங்கள் அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் இல்லை, அமெரிக்காவிலேயே ஒரு சிறிய மருத்துவமனை, லினக்ஸில் ஜிடி.எம் தரவுத்தளத்தின் மேல் ஓட்டுகிறோம். டாக்டர்கள் பார்க்கிற திரைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவை இரண்டு: வேலைகளை நேரத்துக்கு ஓடவைக்கும் டாஸ்க்மேன், செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மெயில்மேன். என் நேரத்தில் பாதி இந்த இரண்டோடுதான் போனது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். டாஸ்க்மேன் உறுதியான சாமான். ஒரு நிரல் தன் வேலையைப் பின்னணிக்குத் தள்ள வேண்டுமானால் எந்த ரொட்டீன் (துணை நிரல்), எப்போது, எந்தச் சாதனம் என்று நாலைந்து மாறிகளில் எழுதி ஒப்படைக்கிறது, பதிலுக்கு ஒரு டாஸ்க் எண் கிடைக்கிறது. அந்த எண் கையில் இருந்தால் வேலை ஓடியதா, பிழையில் விழுந்ததா, எதற்காவது காத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எல்லாமே குளோபல்களில், அதாவது வட்டில் நிலைத்திருக்கும் தரவில், கிடப்பதால் சர்வர் நின்று எழுந்தாலும் வரிசை அப்படியே இருக்கும்.

குறை என்னவென்றால், நின்றுபோனால் அது சத்தமே போடாது.

எனக்கு இது புரிந்தது சர்வர் மாற்றிய வாரத்தில். புது இயந்திரத்துக்குப் புதுப் பெயர் வைத்தோம். காலையில் எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள், ஆர்டர் போட்டார்கள், லேப் முடிவுகள் திரையில் வந்தன, நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் வார்டு பட்டியல் அச்சாகவில்லை என்று ஒரு நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னார், அப்புறம் இன்னொருவர் நேற்றிலிருந்து மெயிலே வரவில்லை என்றார். மெயில்மேன் கோளாறு என்று நினைத்து மூன்று மணி நேரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். அதில் கோளாறே இல்லை. அதன் விநியோக வேலைகளையும் டாஸ்க்மேன்தான் ஓடவைக்க வேண்டும், அது எழவே இல்லை. காரணம் அந்தப் பெயர்தான். டாஸ்க்மேன் எழும்போது ‘பாக்ஸ்-வால்யூம் ஜோடி’ என்ற அடையாளத்தை வைத்துத் தன் அமைப்பு விவரங்களை 14.7-ஆம் கோப்பில் தேடும். ஜிடி.எம்மில் அந்த அடையாளத்துக்குள் இயந்திரத்தின் பெயர் இருக்கிறது. பெயர் மாறினால் தன் பதிவை அதுவே கண்டுபிடிக்காது. கோப்பில் பெயரைத் திருத்தி, சூழலைச் சரிபார்க்கும் ரொட்டீனை ஒருமுறை ஓட்டி, டாஸ்க்மேனை எழுப்பியதும் ஒன்றரை நாள் மெயில் மொத்தமாக வந்து கொட்டியது. ஒன்றுகூடத் தொலையவில்லை, அதற்காக இந்த மென்பொருளை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை நாளும் காத்திருந்தவற்றில் ஒரு நோயாளியைப் பற்றிய எச்சரிக்கையும் இருந்தது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு கோளாறு இதைவிடக் குழப்பியது. டாஸ்க்மேனில் வரிசையைக் கவனிக்கும் மேனேஜர் உயிரோடு இருக்கிறது, கண்காணிப்புத் திரையிலும் அது ஓடுவதாகவே தெரிகிறது, ஆனால் காத்திருக்கும் வேலைகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. வேலைகளை நேரில் செய்வது சப்மேனேஜர்கள், அவை பிறக்கவே இல்லை. ஜிடி.எம்மில் புதிய வேலையைத் தொடங்கும் ஜாப் கட்டளை ஒவ்வொரு முறையும் எம்ஜேஓ, எம்ஜேஇ என்று முடியும் இரண்டு கோப்புகளை எழுதும். பேக்கப்பிலிருந்து மீட்டபோது அந்த அடைவின் உரிமையாளர் மாறிப்போய், அங்கே எழுத அனுமதி இல்லாமல் போயிருந்தது. உரிமையாளரை மாற்றும் ஒரு சௌன் கட்டளையில் சரியானது, கண்டுபிடிக்க ஒரு இரவு ஆனது. வட்டு நிறைந்தாலும் இதே கதைதான், அதனால் அந்தக் கோப்புகளை அவ்வப்போது கூட்டித் தள்ளுங்கள்.

கழற்றிவிட்ட பிரிண்டரின் பெயரைச் சாதனப் பட்டியலில் விட்டுவைத்தால், அதற்கான வேலைகள் சாதனத்துக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். இது அடிக்கடி வரும், எளிதில் தீரும்.

மெயில்மேனைப் பொறுத்தவரை, செய்தி போய்ச் சேர்வது வேறு, அதை ஒரு மனிதர் படிப்பது வேறு. மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் எச்எல்7 இணைப்பு நின்றால் ஒரு அஞ்சல் குழுவுக்குத் தகவல் போகும்படி யாரோ முன்பு அமைத்திருந்தார்கள். குழுவில் இருந்த மூவரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மென்பொருள் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது, படிக்க ஆள் இல்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. விஸ்டாவுக்குப் பதிலாகப் படைவீரர் நலத்துறை கொண்டுவந்த செர்னர் மென்பொருள் 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரில் முதலில் ஓடத் தொடங்கியது. எங்கே அனுப்புவது என்று அதற்குத் தெரியாத ஆர்டர்கள் ஒரு தனி வரிசையில் போய் விழுந்தன, ஆர்டர் போட்ட டாக்டருக்குத் தகவல் போகவில்லை. அப்படி விழுந்தவை 11,000-க்கும் மேல் என்றும், நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்வுகள் 149 என்றும் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. அதைப் படித்த அன்றே உட்கார்ந்து எங்கள் அஞ்சல் குழுக்கள் அத்தனையையும் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன்.

இப்போது காலையில் காபிக்கு முன்னால் போஸ்ட்மாஸ்டர் பெட்டியைப் படிக்கிறேன். பிழைகளும் திரும்பி வந்தவையும் அங்கேதான் சேரும், பல இடங்களில் அதை யாரும் திறப்பதே இல்லை. அடுத்து, டாஸ்க்மேன் தன் ஒவ்வொரு சுற்றிலும் தரவுத்தளத்தில் ‘ரன்’ என்ற முனையில், அதாவது ஒரு பதிவிடத்தில், நேரத்தை எழுதிவைக்கும். விஸ்டா எழுதப்பட்ட மம்ப்ஸ் மொழியின் நாள் கணக்கு 1840 டிசம்பர் 31-இல் தொடங்குவதால் முதல் பார்வையில் அந்த எண் ஒன்றும் புரியாது, பழகிவிடும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸின் கிரானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைப் படித்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் என் போனுக்கு அழைக்கும். இந்தக் கண்காணிப்பை விஸ்டாவுக்கு உள்ளே வைக்காதீர்கள், டாஸ்க்மேன் நின்றால் அதுவும் சேர்ந்து நிற்கும். மணிக்கொரு தரம் எனக்கே ஒரு சோதனை மெயிலும் வரும்படி வைத்திருக்கிறேன். சப்மேனேஜர் கோளாறு வந்தால் அதில்தான் தெரியும், ஏனென்றால் அப்போது ரன் முனை சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை நாலு முறை நடுராத்திரியில் என்னை எழுப்பியிருக்கிறது, கடைசி முறை வட்டு நிறைந்து போனதற்காக.